மூட்டு வலிக்கு ஒரு கைசன்

“நேரா ஓட்டுங்க சிஸ்டர். திரும்பாதீங்க. நான் பின்னாலதான் வந்துக்கினு இருக்கேன்.”

புவனேஸ்வரி நேராக ஓட்டினாள். புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டிய சர்வீஸ் ரோட்டில் அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. சற்று முன்னால் மீன் லாரி ஒன்று போயிருக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் ரோட்டின் நடுவே கோடாக ஒழுகியிருந்தது. அதில் செதில்கள் ஒட்டிக்கிடந்தன. கோட்டின் மேல் ஓட்டினால் டயர் வழுக்கும். விலகினால் லாரிகள் நிற்கும் ஓரத்துக்குப் போக வேண்டும். அங்கே டிரைவர்கள் லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள். அவள் செதில்களின் மேலேயே ஓட்டினாள்.

பின்னால் விஜயகுமார் ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் போனுமாக வந்தார். போன் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது. முதுகுக்குக் கீழேயும் தெரிந்தது. சுடிதார் டாப்பை இழுத்துவிட ஒரு கையை எடுத்தாள்.

“இழுக்காதீங்க. முடிஞ்சா மேல தூக்கி சொருகிக்கங்க. இடுப்பு ஆடறது வீடியோல தெரியணும்.”

அவள் சொருகவில்லை. இழுத்தும் விடவில்லை. அடுத்த மைல்கல் வரை ஓட்டினாள். வலது முழங்காலின் பின்பக்கம் ஒவ்வொரு மிதிக்கும் ஊசி போல் குத்தியது. அந்த வலிக்காகத்தான் இந்த வீடியோ.

“போதும் சிஸ்டர். ராத்திரிக்குள்ள அனலைஸ் பண்ணிடலாம்” என்றார் விஜயகுமார். போனைப் பையில் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கித் துப்பினார்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பொதட்டூர்பேட்டையில் பிறந்து, பெரியபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் முரளி அரிசி மண்டியில் வேலை பார்க்கிறான். மகள் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். புவனேஸ்வரி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு வயரிங் செட் தயாரிக்கும் கம்பெனியில், கடைசிப் பரிசோதனை லைனுக்கு லீடர். வயரின் முனைகள் சரியான துளையில் சரியான நிறத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. விஜயகுமார் அதே கம்பெனியில் ப்ராசஸ் இன்ஜினியர்.

கம்பெனி வேனில் எட்டு வருடம் போனாள். எட்டு வருடமும் வாந்தி எடுத்தாள்.

கவரைப்பேட்டை மேம்பாலத்தில் வேன் ஏறும்போது வாயில் எச்சில் ஊறும். ஊறிவிட்டால் அதற்குமேல் நேரம் இருக்காது. மடியில் தயாராக வைத்திருக்கும் ஜவுளிக்கடைக் கவரை விரிப்பாள். டீசல் நாற்றம், முன்சீட்டுப் பெண்ணின் தலையெண்ணெய், சீட் உறையில் ஊறிப்போன பழைய வியர்வை, எல்லாம் சேர்ந்து உள்ளே போய் அவளைப் புரட்டி எடுத்துக்கொண்டு வெளியே வரும். கவரின் வாயை முடிந்தபின் அது வெதுவெதுப்பாக மடியில் கிடக்கும். ஜன்னல் வழியே எறிய டிரைவர் விடமாட்டான். ஒருமுறை பைக்கில் பின்னால் வந்தவன் மேல் பட்டுத் தகராறாகிவிட்டது. அதனால் கம்பெனி கேட் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் முதல் வாரத்தில் “இன்னாக்கா, விசேஷமா?” என்று கேட்பார்கள். பழையவர்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்த வாரம் அவளுக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருக்கும்.

மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும். ஆனால் தூக்கம் வரும். அப்படி ஒரு நாள் பச்சை வயர் நீல வயரின் துளையில் இருந்ததை அவள் பார்க்காமல் விட்டாள். வாடிக்கையாளர் அது இருந்த பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பினார். மாத்திரையை நிறுத்தினாள்.

ஓசூருக்கு மாற்றலாகிப் போன ஒருவர் தன் கியர் சைக்கிளை விற்பதாக கேன்டீனில் யாரோ சொன்னபோது, அவளே போய்க் கேட்டு வாங்கினாள். சைக்கிள் ஓட்டி இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை அவள் ஓட்டியது சில மாதங்கள்தான். பிறகு அது அண்ணனுக்குப் போனது. இருந்தும் உடம்பு மறக்கவில்லை. முதல் நாள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொடை நடுங்கியது. ஆனால் வாய் சுத்தமாக இருந்தது. அன்று கேன்டீனில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டாள். பொங்கல். எட்டு வருடத்தில் அந்தக் கேன்டீனின் பொங்கல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நன்றாக இல்லை. இரண்டாவது தட்டும் வாங்கினாள்.

முரளி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். புதுவாயல் வரை தனியாகப் போகலாம். அங்கிருந்து ஹைவேயில் தனியாகப் போகக் கூடாது. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் ஆட்கள் சிலர் காலையில் கூட்டமாக சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான். அவர்களோடு போவதானால் போகட்டும், இல்லையென்றால் வேன்தான் என்றான். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவன் அந்த ரோட்டில்தான் சைக்கிளோடு போனான். திரும்பி வரவில்லை.

கூட்டத்தின் பெயர் ‘விடியல் பெடல்’. எல்லோரும் ஆண்கள். இன்ஜினியர்கள், சூபர்வைசர்கள், ஸ்டோர்ஸ் ஆட்கள். விஜயகுமார்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார். வாட்ஸ்ஆப் குழுவில் அவள் பெயர் வந்ததும் பூங்கொத்துகள் வந்தன. பிறகு அறிவுரைகள் வந்தன.

அறிவுரைகள் நல்லவைதான். சிப்காட் உள்ரோட்டில் ஸ்கிராப் லாரிகளிலிருந்து லேத்தில் சீவிய இரும்புச் சுருள்கள் உதிரும், பஞ்சரானால் டயரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார், விரலை விடாதே, அறுத்துவிடும் என்றார்கள். செயினுக்கு எண்ணெய் போடாதே, உருக்காலைக் கரி அதில் ஒட்டிக் களிம்பாகி செயினையே தின்னும், மெழுகை உருக்கித் தோய்த்தெடு என்றார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், வெள்ளைக் கண்ணாடி போடு என்றார்கள். எல்லாவற்றையும் செய்தாள், எல்லாம் பலித்தது. ஆனால் ஒவ்வொன்றையும் ஐந்து பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். ஐந்து முறையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்ட வேண்டியிருந்தது. ஓட்டி வந்தபின் அவர்களுக்கு அவரவர் கம்பெனிகளில் குளிக்க இடம் இருந்தது. பெண்கள் பக்கம் அது கிடையாது. அவள் கழிப்பறைக்குள் ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டு யூனிஃபார்ம் மாற்றினாள். அதற்கு யாரிடமும் அறிவுரை இல்லை.

புதியவர் கடைசியில் வர வேண்டும் என்பது குழுவின் விதி. கடைசியில் வருபவருக்கு முன்னால் போகிறவர்களின் எல்லாமே கிடைக்கும். அவர்கள் ஓட்டிக்கொண்டே மூக்கின் ஒரு துளையை விரலால் அடைத்து மறு துளை வழியாகச் சிந்துவார்கள். சிந்துவதற்கு முன் முழங்கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. அவளுக்கு முன்னால் போகும் ஸ்டீபனுக்கு அந்த விதி தெரியும், ஞாபகம் வராது. ஒரு நாள் காற்று எதிரில் அடித்தபோது அது அவள் உதட்டில் வந்து விழுந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு ஓட்டினாள். கவரைப்பேட்டை மேம்பாலம் வந்தது. வாந்தி வரவில்லை. அதை ஒரு முன்னேற்றமாக எடுத்துக்கொண்டாள்.

சீட்டை உயர்த்தியது விஜயகுமார். முதல் வாரத்திலேயே. “லேடீஸ் எல்லாம் சீட்ட கீழ வெச்சிக்கினு மூட்டக் கெடுத்துக்கறாங்க” என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரைப் போட்டு உயர்த்தினார். சுற்றி நின்ற எல்லோரும் ஆமோதித்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்தபோது கால்விரல் நுனி மட்டும் பெடலில் எட்டியது. பழகிவிடும் என்றார்கள். பழகியது. முழங்காலின் பின்புறம் வலி ஆரம்பித்ததும் பழகிக்கொண்டுதான் வந்தது. ஒரு நாள் மாடிப்படி ஏற முடியாமல் போனபோது குழுவில் எழுதினாள். அதற்கு வந்த பதில்தான் அந்த வீடியோ.

வீடியோ எடுத்த மறுநாள் மாலை வீட்டுக்கு வந்து போனைத் திறந்தாள். குழு நிரம்பியிருந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படங்களாக எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் அவளுடைய முதுகெலும்பின் மேல் மஞ்சள் கோடு. இடுப்பின் குறுக்கே சிவப்புக் கோடு. இரண்டு பக்கமும் வட்டங்கள், வட்டங்களை நோக்கி அம்புக்குறிகள், பக்கத்தில் டிகிரிக் கணக்கு. ஸ்டீபன் மெதுவாக ஓடும்படி மாற்றிப் போட்டிருந்தார். ஒருவர் கோடு தவறு, எலும்பு இன்னும் கீழே இருக்கிறது என்று எழுதி வட்டத்தைக் கீழே நகர்த்தியிருந்தார். அது சரியல்ல என்று இன்னொருவர் அவளுடைய உடம்பை மறுபடி வரைந்திருந்தார். கொஞ்சம் இறுக்கமான உடையில் எடுத்தால் ஆங்கிள் துல்லியமாகக் கிடைக்கும் என்று ஒரு குரல். அதன் அடியில் கைகூப்பும் பொம்மை.

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். யாராவது ஒருவன் அசிங்கமாக ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அவனைக் கேட்டிருப்பாள். ஒருவரும் எழுதவில்லை. ஒரு சிரிப்புப் பொம்மைகூட இல்லை. அத்தனை பேரும் அக்கறையாக அவளுடைய பின்பக்கத்தைப் பற்றி ஒரு பகல் முழுவதும் பேசியிருந்தார்கள். முடிவு: சீட் உயரம் அதிகம். கட்டைவிரல் அகலத்துக்குக் கீழே இறக்கவும்.

காலையில் இறக்கினார்கள். அந்த வாரமே வலி போய்விட்டது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வலி போகாமல் இருந்திருந்தால் அந்தப் படங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். மாடிப்படி ஏறும்போதெல்லாம், வலிக்காத முழங்கால் அவர்களுடைய பக்கம் நின்று பேசியது. காலைக் கூட்டம் வேண்டும். கூட்டம் இருந்தால்தான் சைக்கிள். குழுவில் ‘நன்றி சார்’ என்று எழுதினாள். எல்லாப் படங்களையும் தன் போனிலிருந்து அழித்தாள். தன் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

மாதக் கடைசியில் ஒரு நாள் டீ இடைவேளையில், அவள் லைனில் வேலை செய்யும் செல்வி வந்து பக்கத்தில் நின்றாள். டீயை ஊதிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

“அக்கா, கேன்டீன் போர்ட பாத்தியா?”

“இன்னா போட்டுக்கீறாங்க?”

“நீ போய்ப் பாரு. நான் சொன்னா நல்லாருக்காது.”

கைசன் போர்டு கேன்டீன் வாசலில், கைகழுவும் இடத்துக்கு எதிரில் இருக்கிறது. வேலையில் செய்த சின்ன முன்னேற்றம் எதையாவது ஒரு தாளில் படத்தோடு விளக்குவதற்குப் பெயர் அங்கே கைசன். இடதுபக்கம் ‘பிஃபோர்’ படம், வலதுபக்கம் ‘ஆஃப்டர்’ படம். ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் மாதத்துக்கு இத்தனை என்று ஒட்டியாக வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் இன்ஜினியர்கள் கண்ணில் பட்டதைப் பிடித்து எழுதுவார்கள். துடைப்பம் மாட்ட ஆணி அடித்தது, ஃபேன் சுவிட்சுக்கு எண் எழுதியது. விஜயகுமாருக்கு அந்த மாதம் ஒன்று குறைந்திருந்தது.

பெரிய தாள். மேலே ‘பணியாளர் உடல்நலம்: மூட்டு வலி நீக்கம்’ என்று தலைப்பு. ‘பிஃபோர்’ படத்தில் அவள் பின்னாலிருந்து, சாய்ந்த இடுப்போடு, சிவப்பு வட்டங்களோடு. ‘ஆஃப்டர்’ படத்தில் அவள் பின்னாலிருந்து, சமமான இடுப்போடு, பச்சை வட்டங்களோடு. இரண்டாவது படம் எப்போது எடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் நேராக ஓட்டச் சொல்லவில்லை. அடையாளம் தெரியக் கூடாது என்று இரண்டு படங்களிலும் தலையின் மேல் கறுப்புக் கட்டம் ஒட்டியிருந்தார் விஜயகுமார். முகமே இல்லாத படத்தில் பின்னந்தலையை மறைத்திருந்தார். அந்தக் கம்பெனிக்கு சைக்கிளில் வரும் பெண் ஒருத்திதான்.

படங்களுக்குக் கீழே கேள்விகள். ஏன் வலி? இடுப்பு ஆட்டம். ஏன் ஆட்டம்? சீட் உயரம் அதிகம். ஏன் அதிகம்? தவறான அமைப்பு. ஏன் தவறு? பயனாளரின் அறியாமை. அதற்கும் கீழே, பயனாளர் கருத்து: ‘நன்றி சார்’. ஓரத்தில் மஞ்சள் ரிப்பன் குத்தியிருந்தது. இம்மாதச் சிறந்த கைசன்.

கைகழுவிவிட்டு வந்த மோல்டிங் செக்ஷன் ஆட்கள் கையை உதறியபடி படத்தின் முன்னால் நின்றார்கள். சொட்டிய தண்ணீர் போர்டின் கண்ணாடியில் தெறித்திருந்தது. ஒருவன் தட்டோடு வந்து நின்று, சாம்பாரைப் பிசைந்துகொண்டே பார்த்தான். உருண்டையை வாயில் போட்டுக்கொண்டான். அவளைக் கண்டதும் நகர்ந்தான்.

“அக்கா, சீட்டு இப்ப கரெக்டா இருக்குதா?” என்று ஒருவன் கேட்டான். கேட்டவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

அவள் நேராக விஜயகுமாரின் மேசைக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“போர்டுல இருக்கறத எடுத்துடுங்க சார்.”

“ஏன் சிஸ்டர்? பிளான்ட் ஹெட்டே பாத்துட்டு பாராட்டினாரு. உங்க பேர்லயும் சர்டிபிகேட் சொல்லியிருக்கேன்.”

“எடுத்துடுங்க.”

“மொகம் தெரியலயே. தலயக்கூட மறைச்சிட்டேன்.”

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறவர்போல் நெற்றியைச் சுருக்கினார்.

“வலி போச்சா, போகலயா? அத சொல்லுங்க.”

“போச்சு.”

“அப்பறம் இன்னா பேஜாரு?”

“சீட்ட ஏத்தி வெச்சதே நீங்கதான சார்.”

“அது ஜெனரல் அட்வைஸ் சிஸ்டர். எல்லாருக்கும் சொல்றது. இது உங்களுக்குன்னு பண்ண கரெக்ஷன்.”

பிறகு அவர் நிறையப் பேசினார். தன் பெண்ணுக்கும் இப்படித்தான் பார்த்து சீட் வைத்ததாகச் சொன்னார். பார்க்கிறவர் மனசில் அழுக்கு இல்லையென்றால் படத்தில் ஒன்றும் இல்லை என்றார். இப்படி நினைப்பதால்தான் பெண்கள் எதிலும் முன்னுக்கு வருவதில்லை என்று வருத்தப்பட்டார். வியாழக்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள், போர்டைப் பார்ப்பார்கள், அதுவரை பொறுத்துக்கொண்டால் அடுத்த மாதம் தானாகவே மாற்றிவிடுவார்கள் என்று முடித்தார். பேசும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து மீசையை வாரிக்கொண்டார். சீப்பின் பற்களுக்கிடையில் வெள்ளையாக அடைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எச்.ஆரில் இருக்கும் ஸ்நேகா சின்னப் பெண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எழுதிக் கொடுத்தால் கமிட்டியில் வைக்கலாம், கமிட்டி கூடுவதற்கு நாளாகும், முகம் தெரியாததால் என்ன சொல்வார்கள் என்று தெரியாது என்றாள். பேசும்போது புவனேஸ்வரியின் கண்களைப் பார்க்கவில்லை. அவளும் போர்டைப் பார்த்திருக்கிறாள்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் கேன்டீன் நிறைந்திருந்தபோது புவனேஸ்வரி போர்டின் முன் போய் நின்றாள். கண்ணாடியை நகர்த்தினாள். தாளை லைனில் வயர்களுக்குப் போடும் இரண்டுபக்கப் பசை டேப்பால் ஒட்டியிருந்தார்கள். அது என்ஜின் சூட்டுக்கே இளகாது. ஓரத்தை நகத்தால் நெம்பினாள். பின்னால் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கிழித்தாள். தாள் நடுவில் இரண்டானது. ‘பிஃபோர்’ கையோடு வந்தது. ‘ஆஃப்டர்’ அசையவில்லை. நகம் பிளந்து ரத்தம் வந்தபின்னும் சுரண்டிப் பார்த்தாள். ஓரம் மட்டும் போனது, பச்சை வட்டங்கள் நின்றன. அதை விட்டுவிட்டாள். கையில் வந்ததை மடித்தாள். செல்வி மட்டும் எழுந்து வந்து கண்ணாடியை மூடினாள்.

விஜயகுமார் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். அடிபட்டவர்போல் இருந்தது அவர் முகம்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வருவதற்குள் குழுவில் செய்தி வந்திருந்தது. குழுவின் ஒற்றுமையையும் ஒழுக்கத்தையும் கருதி, சொந்தப் பிரச்சினைகளைக் கொண்டுவருகிறவர்களோடு சேர்ந்து ஓட்ட இயலாது என்று எழுதியிருந்தது. ஸ்டீபன் கட்டைவிரல் காட்டியிருந்தார். அதற்கு அடுத்த வரி, அவள் நீக்கப்பட்டாள் என்பது.

முரளி டீ குடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் இனி இல்லை என்று சொன்னாள். ஏன் என்று கேட்டான். முழுவதையும் சொன்னாள். எட்டு வருடமாக அவள் முந்தானையில் நாறிய வாடையைப் பொறுத்துக்கொண்டவன் அவன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. தம்ளரைக் கீழே வைத்தான்.

“எந்த போட்டோ? உங்கையில இருக்குதா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். டியூப்லைட்டுக்குக் கீழே போய்ப் பிரித்தான். மடிப்புகளை விரலால் நீவிவிட்டான். பார்த்தான். தேவைக்கு மேல் பார்த்தான். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பிறகு அவன் தோள் தளர்ந்தது. கோபம் இறங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

“மொகம் தெரியலல்ல” என்றான்.

அவள் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். அடுப்புக்கு அருகில் போய்க் குப்பைக் கூடையில், மீன் கழுவிய செதிலும் வெங்காயத் தோலும் இருந்ததன் மேல், போட்டாள். வாயில் எச்சில் ஊறியது. ஊறி, நின்றுவிட்டது.

“நாளைக்கி வேன்ல போ” என்றான் முரளி. “கும்பலு இல்லாம ஹைவே வோணாம்.”

“வேன்ல ஏறமாட்டேன்.”

“அப்ப இன்னா, தனியா போவியா? லாரிக்காரன் உன்ன பாத்தா ஓட்டப் போறான்?”

“அவன் எதயும் பாக்காமதான் ஓட்டறான். எனக்கு அது போதும்.”

அவன் மறுபடி மண்டியில் மூட்டை தூக்கியவனைப் பற்றிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே வாசலுக்குப் போய் சைக்கிளின் பின் டயரை அழுத்திப் பார்த்தாள். காற்றுக் குறைவாக இருந்தது. பம்பை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். அவன் பேச்சை நிறுத்திவிட்டு டி.வி. போட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகக் கிளம்பினாள். புதுவாயலில் நிற்கவில்லை. சர்வீஸ் ரோட்டில் போனாள். எதிர்த் திசையில் இரண்டு லாரிகள் வந்தன. இரண்டு முறையும் இறங்கி நின்று வழிவிட்டாள். கவரைப்பேட்டைக்கு அப்பால் விடியல் பெடல்காரர்கள் பின்னாலிருந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வலப்பக்கம் அசைத்தார். இடப்பக்கம் குழியோ நாயோ நின்ற வண்டியோ இருந்தால், விலகிப் போகும்படி பின்னால் வருபவருக்குக் காட்டும் சைகை அது. அவருக்குப் பின்னால் வந்தவரும் காட்டினார். ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள்.

ஏழு மணி ஷிப்டுக்கு முன்பே கார்டு தேய்த்தாள். கேன்டீனில் இட்லி. போர்டில் மிச்சமிருந்த பாதியின் மேல் தீயணைப்பு முறைகளைப் பற்றிய போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஆடிட்டர்கள் பதினோரு மணிவாக்கில் வந்தார்கள், லைனைப் பார்த்தார்கள், எதுவும் கேட்கவில்லை. மதியத்துக்குமேல் இரண்டு செட்டில் கிளிப் உடைந்திருந்தது. தனியாக எடுத்து வைத்தாள். சூபர்வைசர் வந்து, போர்டு விஷயமாக விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். சரி என்றாள். விஜயகுமார் அந்தப் பக்கம் வரவில்லை.

திரும்பும்போது எதிர்க்காற்று. புதுவாயல் வரை இரண்டாவது கியரிலேயே வந்தாள். ஆரணி கடைத்தெருவில் தக்காளியும் ஒரு கட்டு கீரையும் வாங்கினாள். முரளி இன்னும் வந்திருக்கவில்லை. குளித்துவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டாள்.